நகையின் அறம்: ஆர்ச்சி பங்கரும் அவனைக் கண்டு சிரித்தோரும்

1971ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆந் திகதி இரவு, ஐக்கிய அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியில் ஒரு புதிய நகைச்சுவைத் தொடர் ஆரம்பமாயிற்று. 'ஆல் இன் த பமிலி' என்பது அதன் பெயர். நாடகம் தொடங்குமுன் திரையில் ஓர் அறிவித்தல் தோன்றியது. மனிதரின் பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் நகைப்புக்கு இடமாக்கி, அவை எத்துணை அபத்தமானவை என்பதைப் புலப்படுத்துவதே நிகழ்ச்சியின் நோக்கம் என்ற கருத்து அதிற் காணப்பட்டது. கண்டன அழைப்புக்கள் வந்து குவியும் என எதிர்பார்த்த நிறுவனத்தார் தொலைபேசிகளுக்கு மேலதிக ஊழியர்களையும் அமர்த்தியிருந்தனர். எதிர்பார்த்த புயல் அன்றிரவு வீசவில்லை. ஆயினும் அத்தொடர் எழுப்பிய வினா அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஓய்ந்தபாடில்லை.

நகைச்சுவை நாடகமொன்று, தன்னை எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும் என்று பார்வையாளருக்கு முன்கூட்டியே சொல்லவேண்டி நேர்ந்தமை சிந்தனைக்குரியது. அவல நாடகத்துக்கு இத்தகைய முன்னுரை வேண்டப்படுவதில்லை. அழுபவன் எதற்காக அழுகிறான் என்பது பெரும்பாலும் வெளிப்படை. சிரிப்பவன் எதற்காகச் சிரிக்கிறான் என்பது அவ்வாறன்று. அந்த ஐயமே அவ்வறிவித்தலின் பின்னாலிருந்தது. நகைச்சுவையை எழுதுவோனின் அறமும் அதனைக் கண்டு நகைப்போனின் அறமும் இந்த ஐயத்திலிருந்தே ஆராயப்பட வேண்டியவை.

தொடரின் களம் நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியிலுள்ள ஒரு சிறிய வீடு. குடும்பத் தலைவனான ஆர்ச்சி பங்கர் சரக்கேற்றும் துறையொன்றில் மேற்பார்வையாளன். இரண்டாம் உலகப் போரிற் பணியாற்றியவன். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவன். கறுப்பின மக்கள், யூதர், குடியேறியோர், தன்பாலீர்ப்பாளர், பெண்ணுரிமை பேசுவோர் என அவனது வசைக்குத் தப்பியவர் இல்லை. மனைவி ஈடித் வெள்ளையுள்ளம் படைத்தவள். கணவனின் ஏச்சை நாள்தோறும் கேட்பவள். மகள் குளோரியாவும் அவளது கணவன் மைக்கும் அதே வீட்டில் வாழ்கின்றனர். மைக் சமூகவியல் பயிலும் மாணவன், முற்போக்குக் கருத்துடையவன். மாமனாரின் உணவை உண்டுகொண்டே மாமனாரோடு வாதிடுபவன். இவ்விருவருக்குமிடையே மூளும் சொற்போரே தொடரின் உயிர்நாடி எனலாம்.

இத்தொடரின் மூலவேர் பிரித்தானியாவில் உள்ளது. கிழக்கு லண்டனின் துறைமுகத் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்த ஜோனி ஸ்பெயிற் எழுதிய 'ரில் டெத் அஸ் டூ பார்ட்' 1965இல் தனி நாடகமாகவும் 1966 முதல் தொடராகவும் பீ.பீ.சீ.யில் ஒளிபரப்பாயிற்று. அதன் நாயகன் அல்ப் கார்னெற்றின் அமெரிக்க வடிவமே ஆர்ச்சி பங்கர். மூலத்தின் உரிமையைப் பெற்று அதனை மாற்றியமைத்தவர் நோர்மன் லியர். ஏ.பீ.சீ. நிறுவனம் 1968இலும் 1969இலும் இருமுறை முன்னோட்டப் படங்களைத் தயாரிக்கச் செய்தும், ஈற்றில் ஒளிபரப்பத் துணியவில்லை. லியருக்கு இக்கதையில் ஈடுபாடு ஏற்பட்டமைக்குச் சொந்தக் காரணமும் உண்டு. தம் தந்தையின் வாயில் இத்தகைய இழிசொற்களைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அவற்றை எதிர்த்துத் தந்தையோடு வாதிட்டவர். அதே தந்தையை நேசித்தவர். ஆர்ச்சியை எழுதியபோது அவர் எதிரி ஒருவனைப் பற்றி எழுதவில்லை. தம் வீட்டைப் பற்றியே எழுதினார்.

தொடக்கத்திற் குறைவாக இருந்த பார்வையாளர் தொகை விரைவிற் பெருகிற்று. 1971-72 பருவம் முதல் 1975-76 பருவம் வரை தொடர்ந்து ஐந்து பருவங்கள் அமெரிக்காவில் மிகுதியானோர் பார்த்த நிகழ்ச்சி இதுவே. ஆனால் இத்துணைப் பேரும் ஒரே காரணத்துக்காகவே பார்த்தனரா? அக்காலத்து எதிர்வினைகளை நோக்குமிடத்து அவ்வாறு கூற முடியவில்லை.

கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த தேசிய நகர்ப்புற லீக்கின் தலைவர் விற்னி யங், தப்பெண்ணத்தைக் கேலிசெய்யும் முயற்சி அதனைப் பரப்புவதிலேயே முடியும் எனக் கண்டித்தார். ஜனாதிபதி நிக்சனின் கண்டனம் வேறு திசையிலிருந்து வந்தது. 1971 மே மாதம் அவரது அலுவலகத்திற் பதிவான உரையாடலில், தன்பாலீர்ப்பை இத்தொடர் மேன்மைப்படுத்துகிறது என அவர் குறைகூறுவதைக் கேட்கலாம். ஒருவருக்கு நஞ்சாகத் தோன்றியது, மற்றொருவருக்கு நேரெதிரான காரணத்தால் நஞ்சாகத் தோன்றிற்று. இவற்றிடையே வேறொரு கூட்டமும் இருந்தது. 1972ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில் ஆர்ச்சி பங்கரையே ஜனாதிபதியாக்குக என்னும் வாசகம் பொறித்த சின்னங்களும் வாகன ஒட்டிகளும் விற்பனையாயின. அவற்றை வாங்கியோருட் பலர் விளையாட்டாகவே வாங்கியிருப்பர். அனைவரும் விளையாட்டாகவே வாங்கினர் என்று எவராலும் உறுதி கூறமுடியாது.

இத்தொடர் பற்றி எழுந்த கண்டனங்களுள் ஆழமானது எழுத்தாளர் லோரா ஹொப்சன் உடையது. யூத வெறுப்பைப் பொருளாகக் கொண்ட 'ஜென்ரில்மன்ஸ் அகிறிமென்ற்' என்னும் நாவலை 1947இல் வெளியிட்டுப் புகழ்பெற்றவர் அவர். 1971 செப்டெம்பரில் நியூயோர்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் அவர் ஒரு நுட்பமான உண்மையைச் சுட்டினார். ஆர்ச்சி வசைச்சொற்களை வழங்குகிறான்; ஆனால் வெறியர் உண்மையில் வழங்கும் மிகக் கொடிய சொற்களை அவன் வாய் உதிர்ப்பதில்லை. கேட்போர் சிரிக்கத்தக்க அளவுக்கு அவை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எனவே, திரையிற் காணப்படுவது வெறுப்பன்று. கழுவித் துடைத்த வெறுப்பு. அன்புக்குரிய வெறியன் என்பவன் உலகில் இல்லை; அவ்வாறு ஒருவனைப் படைப்பது பொய் மட்டுமன்றித் தீங்குமாகும் என்பது அவரது வாதத்தின் சாரம்.

அடுத்த மாதம் அதே இதழில் லியர் மறுமொழி எழுதினார். வெறுப்பை உள்ளத்திற் கொண்டோர் யாவரும் கொடூரமான முகத்தோடு திரிவதில்லை. அவர்கள் தந்தையராகவும் அயலவராகவும் நண்பராகவும் உள்ளனர். அன்புக்குரியோரிடத்தும் இந்நோய் உண்டு என்பதே உண்மை என்பது அவர் நிலைப்பாடு. ஈராயிரம் ஆண்டுச் சமய போதனையால் ஒழியாத தப்பெண்ணம் தமது அரைமணி நேர நாடகத்தால் ஒழிந்துவிடும் எனத் தாம் நம்பவில்லை என்ற கருத்தையும் அவர் பல தடவை வெளியிட்டதுண்டு.

இவ்விருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அதனாலேயே வினா கடினமாகிறது. ஆர்ச்சியைக் கொடியவனாகப் படைத்தால், எந்தப் பார்வையாளனும் தன்னை அவனிற் காணமாட்டான். 'இவன் வேறு, நான் வேறு' என்ற நிம்மதியோடு எழுந்து செல்வான். ஆர்ச்சியை நேசிக்கத்தக்கவனாகப் படைத்தாலோ, அந்நேசத்தின் நிழலில் அவனது வெறுப்பும் ஒதுங்கி இடம்பெற்றுவிடும். உருவத்தைக் காட்டாத கண்ணாடியாற் பயனில்லை. காணும் உருவத்தை அழகாக்கிக் காட்டும் கண்ணாடியாலும் பயனில்லை.

இவ்விவாதத்தில் ஆய்வாளரும் புகுந்தனர். உளவியலாளரான நீல் விட்மார், மில்ற்றன் றோக்கீச் ஆகிய இருவரும் அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியின் சிறு நகரொன்றைச் சேர்ந்த இளைஞரிடையேயும், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் வளர்ந்தோரிடையேயும் ஆய்வு நடத்தி, முடிவுகளை 1974இல் வெளியிட்டனர். தொடர் நகைப்பூட்டுகிறது என்பதிற் பெரும்பாலானோர் ஒன்றுபட்டனர். ஆனால், தப்பெண்ணம் மிகுந்தோர் மைக்கைவிட ஆர்ச்சியையே போற்றும் போக்கினராகவும், வாதங்களில் அவனே வெல்வதாகக் கருதுவோராகவும் காணப்பட்டனர். தப்பெண்ணம் குறைந்தோர் அதே காட்சிகளில் ஆர்ச்சியின் தோல்வியைக் கண்டனர். ஒவ்வொருவரும் தம்மிடம் ஏற்கெனவே இருந்ததையே திரையிலுங் கண்டனர்.

இது அக்காலத்துக்கோ அத்தொடருக்கோ மட்டும் உரியதன்று. பழைமைவாதியாக வேடந்தாங்கிப் பழைமைவாதத்தைக் கேலிசெய்த ஸ்ரீபன் கொல்பெயரின் நிகழ்ச்சி பற்றி 2009இல் வெளியான ஆய்வொன்றும் இதனையொத்த முடிவையே தந்தது. பல்வேறு அரசியற் சார்புடையோரும் அவரை நகைச்சுவையாளராக ஏற்றனர். ஆனால் பழைமைவாத நோக்குடையோர், அவர் கேலிசெய்வதாகப் பாசாங்கு செய்கிறாரேயன்றி உண்மையில் தாம் கூறுவதையே நம்புகிறார் என எண்ணும் போக்கினராயிருந்தனர்.

ஆகவே, ஒரே அறையிலிருந்து ஒரே கணத்தில் சிரிக்கும் இருவர் ஒன்றையொன்று மறுக்கும் இரு பொருள்களைக் கண்டு சிரித்தல் கூடும். சிரிப்பொலியில் அதன் காரணம் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. மேலும், சிரிப்பு தனிமையில் வளர்வதில்லை. எப்போதும் ஒரு குழுவின் எதிரொலியை நாடுவது என்பதைப் பிரெஞ்சு மெய்யியலாளர் பேர்க்சன் 1900இல் வெளியான தமது நூலில் விளக்கினார். 'ஆல் இன் த பமிலி' தொடக்க காலத்தில் அவையினர் முன்னிலையில் நடித்துப் பதிவு செய்யப்பட்டது. அவர்களது சிரிப்பு வீடுகளில் இருந்தோர் காதுகளிலும் ஒலித்தது. ஆர்ச்சியின் அறியாமையைக் கண்டு அவையினர் எழுப்பிய சிரிப்பு, ஆர்ச்சியோடு உடன்படும் ஒருவனின் வீட்டை அடையும்போது 'உலகமும் உன் பக்கமே' என்று அவனுக்குச் சொல்லும் குரலாக மாறிவிடலாம்.

சிரிப்பு ஒன்றன்று, பலவகைப்பட்டது என்ற தெளிவு தமிழிலக்கண மரபுக்குப் புதியதன்று. மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகிறார். பேராசிரியர் தமது உரையில், எள்ளல் என்பது ஒருவன் பிறரை எள்ளி நகுதல் மட்டுமன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலுமாகும் என இருபாற்படுத்துகிறார். பேதைமையை அவர் அறிவின்மை என்கிறார். மடன் என்பதற்கு உரையாசிரியர் தரும் பொருள் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது: பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைப் பின்னர் கைவிடாதிருத்தலே மடன். பேதைமையும் மடனும் ஒன்றல்ல. முன்னையது அறியாதவனின் குறை. பின்னையது அறிந்துகொண்டதாக நம்புபவனின் குறை.

இப்பாகுபாட்டை அளவுகோலாகக் கொள்ளுமிடத்து ஆர்ச்சி பங்கர் எழுப்பிய சிரிப்பின் இயல்பு ஓரளவு தெளிவாகிறது. ஆர்ச்சியோடு சேர்ந்து கறுப்பினத்தவரைக் கண்டு சிரித்தவனது நகை எள்ளலின்பாற் பட்டது. ஆர்ச்சி சொற்களைச் சிதைத்துப் பேசும்போது எழும் நகை பேதைமை பற்றியது. அதில் தீங்கு சிறிது, ஆழமும் சிறிது. ஆனால், தந்தையிடமிருந்து பெற்ற வெறுப்பைச் சொத்தெனப் பேணிக் கைவிடமாட்டாது நிற்கும் ஆர்ச்சியின் நிலை மடனின்பாற் பட்டது. தொடரின் மிகச் சிறந்த பகுதிகள் இந்த மடனையே பொருளாகக் கொண்டன.

1978 பெப்ரவரியில் ஒளிபரப்பாகிய ஒரு நாடகம் இதற்குச் சான்றாகும். மதுச்சாலையொன்றின் சரக்கறையில் ஆர்ச்சியும் மைக்கும் இரவு முழுதும் அடைபட்டுக்கொள்கின்றனர். மது மயக்கத்தில் ஆர்ச்சி தன் இளமைக் காலத்தை நினைவுகூர்கிறான். வறுமையால் ஒரு காலில் ஒருவகைக் காலணியும் மறுகாலில் வேறுவகைக் காலணியும் அணிந்து பள்ளிக்குச் சென்றதையும், பிள்ளைகள் அதனைக் கண்டு பட்டப்பெயர் சூட்டியதையும் கூறுகிறான். எள்ளுபவன் ஒரு காலத்தில் எள்ளப்பட்டவன் என்பது அங்கு புலனாகிறது. தந்தை தன்னை அடித்துக் கற்பித்தவற்றையும் கூறுகிறான். தந்தையின் கருத்துக்கள் தவறானவை என மைக் மெல்லச் சுட்டும்போது, தன்னை நேசித்து, தனக்காக உழைத்து, தன்னைக் கைபிடித்து நடத்திய ஒருவர் எவ்வாறு தவறானவராக இருக்கமுடியும் என்பதே ஆர்ச்சியின் மறுமொழியாகிறது. அவ்விடத்தில் அவனது கருத்து மன்னிக்கப்படவில்லை. ஆனால் அதன் வேர் வெளிப்படுகிறது. வெறுப்பு அவனுக்கு வெறுப்பாக வந்து சேரவில்லை. தந்தையின் அன்போடு பின்னிப் பிணைந்து வந்து சேர்ந்தது. ஒன்றை அறுத்தால் மற்றதும் அறுந்துவிடுமோ என்ற அச்சமே அவனது மடன். இதனைக் காணும் பார்வையாளனால் 'இவன் வேறு, நான் வேறு' என்று எளிதிற் சொல்லிவிட முடியாது. பெற்றோரிடமிருந்து ஏற்றுக்கொண்டு ஒருபோதும் பரிசீலியாத ஏதோவொன்று எவரிடத்தும் உண்டு.

இங்கு மற்றொரு வகைப் பார்வையாளனையும் நோக்குதல் வேண்டும். இத்தொடர் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஆர்ச்சியோடு உடன்பட்டுச் சிரித்தவனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தின. மைக்கோடு உடன்பட்டுச் சிரித்தவன், சரியான காரணத்துக்காகச் சிரித்தவன் என்ற பெயரோடு விடுதலை பெற்றான். அவனது சிரிப்பு உண்மையில் குற்றமற்றதா? ஆர்ச்சி நாள் முழுதும் சரக்குத் துறையில் உழைப்பவன். பிழையான சொற்களைப் பேசுபவன். கல்லூரி வாசலை மிதியாதவன். அவனைக் கண்டு கற்றவன் சிரிக்கும்போது, அவனது வெறுப்பைக் கண்டுதான் சிரிக்கிறானா, அல்லது அவனது வகுப்பையும் கல்வியின்மையையும் கண்டு சிரிக்கிறானா? வெறுப்பைக் கண்டிக்கும் உரிமையின் மறைவில் உழைப்பாளியை இகழும் இன்பமும் நுழைந்துவிடுகிறது. ஆர்ச்சி அயலானை எள்ளுகிறான். கற்றவன் ஆர்ச்சியை எள்ளுகிறான். பொருள் மாறியிருக்கிறதேயன்றி நகையின் நிலைக்களன் மாறவில்லை. தன்னைத் தானே அறியாமையே நகைப்புக்குரியதன் இயல்பு எனவும், அதனைக் கண்டு சிரிப்போனின் இன்பத்தில் பொறாமையும் வன்மமும் கலந்திருக்கும் எனவும் 'பிலேபுஸ்' என்னும் உரையாடலில் பிளேற்றோ காட்டியமை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தன் அறியாமையை அறியாத ஆர்ச்சியைக் கண்டு சிரிப்பவன், தன் சிரிப்பின் தன்மையை அறியாதிருப்பானாயின் அவனும் அதே நகைக்குரியவனே.

இதனை நாடக ஆசிரியர்களும் உணர்ந்திருந்தனர் எனலாம். மைக்கை அவர்கள் குறையற்ற நாயகனாகப் படைக்கவில்லை. உலக நீதி பேசும் அவன் வீட்டில் தன் மனைவியின் கருத்தை மதியாதவனாகவும் தன் நற்குணத்திற் செருக்குடையவனாகவும் பல இடங்களில் காட்டப்படுகிறான். பல்கலைக்கழகம் தந்த புதிய சொற்களோடு வீடு திரும்பி, அச்சொற்களை அறியாத பெற்றோரின் முன் நீதிபதியாக அமரும் இளைஞன் அமெரிக்காவுக்கு மட்டும் உரியவனல்லன். அவன் கூறுவது சரியாயிருத்தல் கூடும். ஆனால் சரியானதை அறிந்திருப்பது வேறு. அதனை அறியாதவனைக் கண்டு மகிழ்வது வேறு.

அவ்வாறாயின் எழுதுவோனின் கடமை யாது? 1972 பெப்ரவரி 19ஆந் திகதி ஒளிபரப்பாகிய நாடகம் ஒரு விடையைத் தருகிறது. புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞரான சமி டேவிஸ் ஜூனியர் அதிற் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றினார். ஆர்ச்சி ஓட்டிய வாடகைக் காரில் மறந்துவிட்ட பையைப் பெறுவதற்கு அவர் பங்கர் வீட்டுக்கு வருகிறார். ஆர்ச்சி தப்பெண்ணமுடையவனா என்ற பேச்சு எழுகிறது. தப்பெண்ணமுடையவன் தன்னை மற்றெல்லாரிலும் மேலானவனாகக் கருதுவான். ஆனால் ஆர்ச்சியோடு பொழுது கழித்தபின், அவன் எவரினும் மேலானவனல்லன் என்பதைத் தம்மால் உறுதியாகக் கூறமுடியும் என்ற கருத்துப்பட அவர் பேசுகிறார். ஆர்ச்சி அதனைப் பாராட்டாகக் கொண்டு மகிழ்ந்து கைகுலுக்குகிறான். அவை சிரிக்கிறது. இறுதியில், நினைவுக்காகப் படம் பிடிக்கும் கணத்தில் டேவிஸ் ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தமிடுகிறார். அதற்கு எழுந்த சிரிப்பு அத்தொடரின் மிக நீண்ட சிரிப்புக்களில் ஒன்று.

ஒரே வாக்கியத்தை இருவர் இருவிதமாகக் கேட்டல் என்னும் இடர்ப்பாடே இங்கு நாடகத்தின் பொருளாகியிருக்கிறது. இகழ்ச்சியைப் புகழ்ச்சியாகக் கேட்பவன் ஆர்ச்சி. எனவே திரைக்கு வெளியில் அவ்வாறு கேட்பவன் தன்னை ஆர்ச்சியின் இடத்திற் காண்கிறான். அதைவிட முக்கியமானது வேறொன்று. வசைக்கு இலக்கானவர் அங்கு வெறும் பெயராக இல்லை. அவர் அறைக்குள் இருக்கிறார்; பேசுகிறார்; நகையின் கடிவாளம் அவர் கையில் உள்ளது. சபையில் இல்லாதவனைப் பற்றிய நகை எளிதில் எள்ளலாகிவிடும். அவனைச் சபைக்கு அழைத்து, அவனுக்கு வாக்கும் கொடுத்தபின் எழும் நகை வேறு. நகைச்சுவை எழுதுவோன் தன்னைக் கேட்டுக்கொள்ளத்தக்க முதல் வினா இதுவே: நகைக்கப்படுபவன் இந்த அறையில் இருப்பானாயின் இவ்வரியை எழுதமுடியுமா?

இதற்கு மாறான போக்கும் அத்தொடரின் வரலாற்றில் உண்டு. ஆர்ச்சியின் நகைத்திறனும் ஞானமும் எனத் தலைப்பிட்ட சிறுநூலொன்று 1971இல் விற்பனைக்கு வந்தது. தலைப்பு கேலியாகவே சூட்டப்பட்டிருக்கலாம். ஆயினும் ஈடித்தின் மௌனமும் அயலவரின் முகமும் அரங்கிலே உடனிருந்து ஆர்ச்சியின் பேச்சுக்கு விடையாகின்றன. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த பேச்சு வெறும் வசையாகவே எஞ்சும். ஹொப்சனின் அச்சம் இங்கு பெரிதும் பொருந்துகிறது. நகைச்சுவை சந்தைப் பொருளாகுமிடத்து முதலிற் கழற்றி வீசப்படுவது அதன் விடையே.

எழுதியவன் தன் எழுத்து எழுப்பும் எல்லாச் சிரிப்புக்கும் பொறுப்பாளியாக முடியாது. அவ்வாறு கொண்டால், தவறாக விளங்கிக்கொள்ளப்படக்கூடிய எதனையும் எவரும் எழுதமுடியாது போய்விடும். ஆனால் 'நாடகம் எவரையும் திருத்தாது. எனவே எவரையும் கெடுக்கவும் மாட்டாது' என்ற வாதமும் செல்லாது. ஒருவனின் எண்ணத்தை மாற்றுவது அரிது. ஏற்கெனவே உள்ள எண்ணத்துக்குத் துணிவூட்டுவது எளிது. இவ்விரண்டும் சமமல்ல என்பதையே மேற்கூறிய ஆய்வுகள் உணர்த்துகின்றன. ஆகவே எழுதுவோன் பொறுப்பிலிருந்து முற்றாக விடுபடுவதில்லை; அது செவிமடுக்கும் பொறுப்பாகிறது. தான் எழுப்பிய சிரிப்பை அவன் உற்றுக் கேட்கவேண்டும்.

அவ்வாறு கேட்டவர் ஒருவரை அண்மைக்கால வரலாறு அறியும். கறுப்பின நகைச்சுவைக் கலைஞரான டேவ் ஷப்பெல், பெருந்தொகை ஒப்பந்தத்தோடு தமது நிகழ்ச்சியின் மூன்றாம் பருவத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார். இனம் பற்றிய வழக்கமான கேலி உருவங்களையே கேலிசெய்யும் காட்சியொன்றைப் பதிவு செய்கையில், அங்கிருந்த வெள்ளையர் ஒருவர் சிரித்த விதம் அவருக்கு உறுத்திற்று. அது தம்மோடு சேர்ந்த சிரிப்பா, தம்மைக் கண்டு எழுந்த சிரிப்பா என்ற ஐயம் அவரை விடவில்லை. 2005இல் அவர் அந்நிகழ்ச்சியைக் கைவிட்டுத் தென்னாபிரிக்கா சென்றார். அவர் செய்தது மிகையா என்பது பற்றி இருவேறு கருத்துக்கள் இருத்தல் கூடும். ஆனால் சிரிப்பின் அளவை மட்டும் கணக்கிடும் தொழிலொன்றில், சிரிப்பின் தரத்தைக் கேட்ட செவி அவருடையது.

நகைத்திறனில் இடைநிலை பேணுவோனைப் பற்றிப் பேசும்போது அரிஸ்ரோட்டில், கேலி என்பது ஒருவகை இகழ்ச்சியே என்பதை மறைக்கவில்லை. சட்டம் சிலவகை இகழ்ச்சிகளைத் தடுக்கிறது. பண்பட்டவனோ கேலியைப் பொறுத்தவரை தனக்குத் தானே சட்டமாக இருப்பான் என்பது அவர் கொள்கை. இது எழுதுவோனுக்கு மட்டும் உரியதன்று. அரிஸ்ரோட்டில் கூறுவதைப் பற்றிப் பேசுமிடத்துக் கேட்பதைப் பற்றியும் பேசுகிறார். பண்பட்டவன் எத்தகைய கேலியைக் கேட்கச் சம்மதிப்பான் என்பதும் அவனது பண்பின் அளவாகும்.

சிரிப்பு தன்னையறியாமல் வருவது. அதற்கு எவ்வாறு ஒருவனைப் பொறுப்பாளியாக்குவது என்று கேட்கலாம். சிரிப்பு தடுக்கமுடியாதது என்பது உண்மையே. ஆனால் தன்னையறியாமல் வருவதே ஒருவன் யார் என்பதைக் காட்டிக்கொடுப்பது. ஆயத்தத்தோடு கூறும் கொள்கையிலே மறைவது ஆயத்தமின்றி எழும் சிரிப்பிலே வெளிப்படுகிறது. எனவே முதலில் எழும் சிரிப்பு குற்றமன்று. அது ஒரு செய்தி. அச்செய்தியைப் படிப்பதா விடுவதா என்பது சிரித்தவனின் தெரிவு. எதைக் கண்டு சிரித்தேன், அவனுடைய எளிமையைக் கண்டா, அவனுடைய பிடிவாதத்தைக் கண்டா, அந்தப் பிடிவாதம் என்னிடமும் உண்டா என்று வினவத் தொடங்கும்போதே எள்ளலாகத் தோன்றிய நகை மடனை உணரும் நகையாக மாறுகிறது. பேராசிரியர் கூறிய இருபாற்பட்ட எள்ளலில், தன்மீது திரும்பும் நகையும் அடங்கியிருந்தமை தற்செயலன்று.

ஆர்ச்சியும் ஈடித்தும் அமர்ந்த இரு நாற்காலிகளும் 1978இல் சிமித்சோனியன் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டு, அருங்காட்சியகப் பொருள்களாயின. தொடர் 1979இல் முடிவுற்றது. நோர்மன் லியர் 2023 டிசெம்பரில் தமது 101ஆவது வயதிற் காலமானார். அவரும் ஹொப்சனும் வாதிட்ட வினாவுக்கு இறுதித் தீர்ப்பு இன்றும் இல்லை; இருக்கவும் இயலாது. ஏனெனில், அத்தீர்ப்பு எழுத்தாளனின் மேசையில் முடிவாவதன்று. ஒவ்வொரு வீட்டிலும், சிரிப்பொலி அடங்கிய பின் வரும் சிறு மௌனத்தில், சிரித்தவனே அதனை வழங்கவேண்டியிருக்கிறது.